அக்கா ஏறிப் பார்த்த ஏணி

ஏணி செய்கிறவர்கள் அதில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. செருப்பு தைக்கிறவர் ஊரார் செருப்பையெல்லாம் போட்டு நடந்து பார்த்துக்கொண்டா இருக்கிறார்? ஆனால் அந்தக் குடும்பத்தில் அது ஒரு பிடிவாதம். லாரியில் ஏற்றத் தயாராக அடுக்கியிருக்கும் ஏணிகளில் ஏதாவது ஒன்றை உருவிக் கூடத்தின் நடுவே நிறுத்துவார்கள். குடும்பத்து ஆள் ஒருவர் உச்சிப்படி வரை ஏறி நின்று இறங்க வேண்டும். இறங்கியவர் "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் லாரிக்காரர் வண்டியைக் கிளப்புவார். நாம் ஏறாத ஏணியில் அடுத்தவன் ஏறக் கூடாது என்பது அப்பாவின் வாக்கு. அப்பா போய்ப் பல வருஷம் ஆகியும் அந்த வாக்கு மட்டும் தொழிற்சாலைக்குள் செருப்பு போடாமல் நடமாடிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா காலத்தில் அது தொழிற்சாலையும் இல்லை. மரக்கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகை, ஒரு வாள், ஒரு இழைப்புளி, அவ்வளவுதான். அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போனபோது, இனி ஏறுவதற்கு ஆள் இல்லை, கடையை மூடிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மகள் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்து ஏறினாள். மேலே நின்று கீழே பார்த்து, "போகலாம்" என்றாள். மரக்கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பொம்பளைப் பிள்ளை ஏணி வித்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகுது?" என்று கேட்டவர் பிற்பாடு அவளிடமே கணக்குப் பிள்ளையாக வந்து சேர்ந்தார் என்பது தனிக் கதை. அதை அவர் எதிரில் யாரும் சொல்வதில்லை, அவர் நகர்ந்ததும் சொல்லாதவரும் இல்லை.

எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த பட்டறைக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஆள் பார்க்க ஊதினால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். ஆனால் அவள் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை அசைக்க ஊரே திரண்டு வந்தாலும் முடியாது. மரத்தை விட்டு அலுமினியத்துக்கு மாறலாம் என்று அவள் சொன்னபோது, அலுமினியம் அடுப்படிக்குத்தான் லாயக்கு என்றார்கள். மாறினாள். ஏணியை விற்று முடித்ததும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட மாட்டாள். பெயிண்டர்கள், மின்சார வேலைக்காரர்கள், பழத்தோட்டத்தில் காய் பறிப்பவர்கள் என்று தேடித் தேடிப் போய், "ஏறி நின்னா எங்க வலிக்குது?" என்று கேட்பாள். உள்ளங்கால் வலிக்கிறது என்றார்கள். படியை அகலமாக்கி, கால் வழுக்காமல் இருக்க வரி வரியாகப் பள்ளம் போட்டாள். பெயிண்டர்கள் டப்பாவைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவதைப் பார்த்துவிட்டு வந்து, உச்சியில் ஒரு கொக்கி வைத்தாள். இன்றைக்கு எல்லா ஏணியிலும் அந்தக் கொக்கி இருக்கிறது. முதலில் வைத்தது யார் என்று எந்த ஏணியிலும் எழுதியில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை.

ஒரு வருஷம் தொழில் அடியோடு படுத்துவிட்டது. ஆளைக் குறைக்கச் சொன்னார்கள். ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பாமல், பட்டறை ஆட்களையே தெருத்தெருவாக அனுப்பி, யார் செய்த ஏணியாக இருந்தாலும் ஆட்டம் கொடுப்பதைச் சும்மாவே சரிசெய்து கொடுக்க வைத்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். மறு வருஷம் ஏணி வாங்க வந்தவர்கள் எல்லாம், "அன்னைக்கு வந்து ரிப்பேர் பண்ணிக் கொடுத்தாங்களே, அவங்க ஏணி குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். பைத்தியம் என்றவர்கள் பிளந்த வாயில் ஈ புகுந்தது.

இத்தனையையும் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன் அவளுடைய தம்பி. ஐம்பதைத் தாண்டி, தலை நரைத்து, தொப்பை முன்னால் நடக்க இவன் பின்னால் நடக்கும் காலத்திலும் அவன் தம்பிதான். அந்தக் குடும்பமே குருவிக் குடும்பம். அப்பா எலும்பும் தோலும். அக்கா அவரை உரித்து வைத்தவள். அக்காவின் மகள் காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்வாள். இவன் ஒருத்தன் மட்டும் எங்கிருந்தோ வந்து சேர்ந்த மாதிரி பிறந்ததிலிருந்தே குண்டு. சின்ன வயதில் மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு முறை ஆசையாக ஏணியில் ஏறினான். ஏறியதோடு சரி. மேலே போனதும் கண் இருட்டி, கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அழுதான். இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். "நீ கீழ நின்னு பிடிச்சுக்கடா, அதுவே பெரிய உதவி" என்று அப்பா சிரித்தார். அன்றோடு அவனுக்கு ஏணி ஏறுவதிலிருந்து விடுதலை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவனை விற்பனைக்கு அனுப்பினார்கள். பிழைத்தான் என்பது மட்டுமில்லை, கம்பெனியையும் பிழைக்க வைத்தான். அக்கா உச்சிப்படியில் நிற்பதைப் படம் எடுத்து, கீழே "அக்கா ஏறிப் பார்த்த ஏணி" என்று எழுதிக் கடை கடையாக ஒட்டியது அவன்தான். அந்த ஒரு வரி செய்த வேலையை நூறு விற்பனைக்காரர்கள் செய்திருக்க முடியாது. அக்காவுக்குத்தான் அந்தப் படம் பிடிக்காது. "என்னடா இது, கூரையில உட்கார்ந்த காக்கா மாதிரி இருக்கேன்" என்பாள். ஆனால் ஒட்டியதைக் கிழிக்கச் சொல்லவில்லை.

அறுபதைத் தாண்டிய பிறகு அக்காவுக்கு ஒரு ஆசை வந்தது. தனியாக இருப்பவர்கள், வயதானவர்கள், தன்னைப் போல ஒல்லியானவர்கள் ஒரே கையில் தூக்கிக்கொண்டு போகும்படி, கால்களை விரித்து நிறுத்தும் ஏணி ஒன்று செய்ய வேண்டும். ஒரு பல்பு மாற்றுவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரனைக் கெஞ்ச வேண்டியிருக்கக் கூடாது. அதற்கு இறகு என்று பெயர் வைத்தாள். இரண்டு வருஷம் அதே நினைப்பு. முதலில் செய்த ஏணியில் கம்பெனி இஞ்சினியர் மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்தார், நன்றாகத் தாங்கியது. ஆனால் அக்கா தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கனமாக இருக்கிறது, தகட்டை மெலிசாக்குங்கள் என்றாள். மெலிசாக்கினார்கள். மெலிசான ஏணி வந்த அன்று மொத்தப் பட்டறையும் கூடி நிற்க, அக்கா அதில் ஏறினாள். உச்சியில் நின்று இரண்டு குதி குதித்தாள். ஏணி கம்மென்று நின்றது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைத் தம்பி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இறகு கடைக்குப் போன மூன்றாவது மாதம் தம்பிக்கு ஒரு கடைக்காரர் போன் செய்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. நம்ம ஏணியில இருந்து ஒரு பெயிண்டர் விழுந்துட்டார்."

தம்பி போட்டது போட்டபடி கிளம்பினான். ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலில் கிடந்தவர் நல்ல ஆகிருதியான ஆள், கிட்டத்தட்ட தம்பியின் பருமனே இருப்பார். தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தான். அவர் திட்டவில்லை.

"மூலையில பூசணும்னு கொஞ்சம் எட்டினேன் சார்," என்றார் பெயிண்டர். "படி அப்படியே ஒரு பக்கமா மடங்கிருச்சு. கடையில அந்த அம்மா மேல ஏறி நிக்கிற படம் இருந்துச்சு. அவங்களே ஏறியிருக்காங்களே, அப்புறம் என்னன்னு எடுத்துட்டு வந்தேன். என் நேரம்."

அவர் இரண்டு அறை அறைந்திருந்தால்கூட தம்பிக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்தப் படத்தை ஒட்டியவன் அவன். அவர் விழுந்த வீட்டுக்குப் போய் அந்த ஏணியை வாங்கிக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு வந்து, நேராக இஞ்சினியரின் அறை முன்னால் இறக்கினான். படியைக் காலோடு இணைக்க ரிவெட் ஆணி அடித்த இடத்தில் தகடு காகிதம் மாதிரி கிழிந்திருந்தது. இஞ்சினியர் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

"மெலிசாக்கின பிறகு மணல் மூட்டை வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டான் தம்பி.

"இல்லை சார்."

"ஏங்க?"

"வைக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அக்கா ஏறிட்டாங்க." இஞ்சினியர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "அக்கா ஏறி, குதிச்சு, போகலாம்னு சொல்லி, எல்லாரும் கைதட்டி முடிச்ச ஏணி மேல நான் போய் மூட்டையை வச்சுப் பாத்தா அதுக்கு என்ன அர்த்தம் சார்? அக்காவை நம்பலைன்னு ஆகாதா?"

தம்பிக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பெரிய படிப்பு படித்த மனுஷன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் அக்கா இறங்கிய ஏணியை யார்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்? அவனே சந்தேகப்பட்டதில்லை. குருவி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போன கிளையில் மாடு ஏறலாம் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மற்ற ஏணிகளெல்லாம் தடிமனாக இருந்ததால் தப்பித்தோம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கியது, யானைக் கனம் இல்லாத குடும்பமாக இருந்ததால்.

சாயங்காலம் அக்காவின் அறையில் உடைந்த ஏணியை வைத்தார்கள். கணக்குப் பிள்ளை முந்திக்கொண்டார். "ஆளு ரொம்பக் குண்டு. ஒரு பக்கமா சாஞ்சிருக்கான். இதுக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியுமா?" ஏணியில் ஏறிய பெயிண்டர் சாயாமல் என்ன செய்வான், சிலை மாதிரி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பானா? தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

அக்கா கிழிந்த தகட்டை விரலால் தடவினாள். "அவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கூலி எல்லாம் நம்மளோடது. அதுல பேச்சே இல்லை," என்றாள். பிறகு தலையை ஆட்டினாள். "ஆனா இது எப்படிடா? நானே ஏறினேனே. குதிச்சுக்கூடப் பாத்தேனே. லாரியில ஏதாவது இடிச்சிருக்கும். இந்த ஒண்ணுதான் இப்படி ஆகியிருக்கும்."

"அக்கா, இன்னொரு தடவை..."

"நாளைக்குக் காலையில அடுத்த லாரி போகுது. நான் நல்லாப் பாத்து ஏறுறேன். போதுமா?"

தம்பி வாயை மூடிக்கொண்டான். உலகத்துக்கே ஏணி விற்ற வாய் அது. ஆனால் அக்காவிடம் இல்லை என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அம்மா இறந்த பிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்து வைத்தது வரை அவள்தான். இறகு அவளுடைய கடைசி ஆசை என்று அவனுக்குத் தெரியும். அது உதவாது என்று அவள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் நாளைக்குப் போகிற லாரியில் இன்னும் எத்தனை பேருடைய தோள்பட்டை போகிறது? வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னான். அவள், "வாயால சொல்ல முடியலைன்னா உடம்பால சொல்லுங்க. கடவுள் எதுக்கு உங்களுக்கு இவ்வளவு குடுத்திருக்கார்?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அவன் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. கூடத்தின் நடுவே இறகு ஒன்றை விரித்து நிறுத்தியிருந்தார்கள். அக்கா கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று காலை அழுத்திப் பார்த்தாள். உச்சியில் குதித்தாள், பக்கவாட்டில் சாய்ந்தாள். ஏணி அசையவில்லை. இறங்கிக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம் அக்கா," என்றான் தம்பி. "நானும் ஏறுறேன்."

கூடமே சிரித்தது. பட்டறைக்காரர் வாய்விட்டே, "சின்னவரே, இறக்குறதுக்கு ஆள் கூப்பிடட்டுமா?" என்றார். தம்பியும் சிரித்தான். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியின் கால்களைப் பிடித்தான்.

முதல் படி. இரண்டாவது படி. ஏணி மெல்ல முனகியது. மூன்றாவது படியில் அவன் தலை எல்லோருடைய தலைக்கும் மேலே போனதும் பழைய பயம் வந்து காலைப் பிடித்துக்கொண்டது. கீழே பார்க்கவில்லை. எதிரில் இருந்த சுவரை மட்டும் பார்த்தான். நாலாவது படியில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, கையில் தூரிகை இருப்பதைப் போல மெல்ல ஒரு பக்கமாக எட்டினான். அடியில் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. படி ஒரு ஓரமாகத் தாழ்வதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இறங்குடா!" என்று அக்கா ஓடிவந்து ஏணியைப் பிடித்தாள்.

"நீ சொல்லு, இறங்குறேன்."

"என்னடா சொல்லணும்? முதல்ல இறங்கு!"

"லாரி போகலாம்னு சொல்லு அக்கா." கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். "எப்பவும் சொல்லுவியே. நீ ஏறிப் பாத்துட்ட, ஒண்ணும் ஆகலை. போகலாம்னு சொல்லிரு. நான் இறங்கிடுறேன்."

இன்னொரு முறை கிரீச்சென்றது. அக்கா அண்ணாந்து அவனைப் பார்த்தாள். பிறகு அவன் காலடியில் வளைந்துகொண்டிருந்த தகட்டைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவள் வாயிலிருந்து அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்திருக்கிறது. அதற்கு நேர்மாறான வார்த்தையை அந்தக் கூடம் கேட்டதே இல்லை, பழைய கொட்டகையும் அவள் அப்பா வாயிலிருந்து கேட்டதில்லை.

"போகக் கூடாது," என்றாள் அக்கா. பிறகு வாசல் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "வண்டியை நிறுத்துங்க. இந்த ஏணி போகக் கூடாது."

தம்பி இறங்கத் தொடங்கினான். இரண்டாவது படியில் கால் வைத்ததும் அது பிய்த்துக்கொண்டது. பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். நல்லவேளை, உயரம் அதிகமில்லை, விழுந்த இடத்தில் சதையும் பஞ்சமில்லை. அக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவன் கை கால்களைச் சின்னப் பிள்ளைக்குப் பார்ப்பதைப் போலப் பிடித்துப் பார்த்தாள். "அடி பட்டுச்சாடா? எங்க வலிக்குது?" என்றாள். அவனுக்கு எங்கேயும் வலிக்கவில்லை. ஆனால் அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுதான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அக்கா எழுந்து இஞ்சினியரைக் கூப்பிட்டாள். அவர் முந்தின நாள் தம்பியிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னார். வேலை போய்விட்டது என்றே நினைத்திருப்பார். அக்கா முழுக்கக் கேட்டாள்.

"நான் ஏறினேன்கிறதுக்காக நீங்க வாயை மூடிக்கிட்டீங்க," என்றாள். "நீங்க பண்ணினது தப்பு. ஆனா நான் பண்ணினது அதைவிடப் பெரிய தப்பு. யாரும் வாயைத் திறக்க முடியாத இடத்துல நான் போய் நின்னுக்கிட்டேன். இனிமே கடைசி வார்த்தை உங்களோடது. நான் ஏறினாலும் சரி, என் அப்பாவே வந்து ஏறினாலும் சரி, நீங்க மூட்டையை வச்சுப் பாக்காம ஒரு ஏணியும் வெளியே போகக் கூடாது."

கணக்குப் பிள்ளை மெல்ல, "ஏற்கெனவே வித்ததை என்ன பண்றது?" என்று கேட்டார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் திருப்பி வாங்கணும்," என்றாள். பத்திரிகையில் போடு, கடைகளுக்குச் சொல்லு, வாங்கியவர்கள் வீட்டுக்கே போ என்று தம்பியிடம் அடுக்கினாள். அவள் அன்று மதியம் சாப்பிடவில்லை. தன் அறையில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷக் கனவு ஒரு காலையில் போய்விட்டது. தம்பி பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவளை நினைத்து அவனுக்கு நெஞ்சு வலித்தது, அதே சமயம் இப்படி ஒருத்தி தன் அக்கா என்று பெருமையாகவும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முதலாளிகளை அவன் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான்.

விற்பது கஷ்டம் என்பது அவனுக்குத் தெரியும். விற்றதைத் திருப்பி வாங்குவது அதைவிடக் கஷ்டம் என்று அந்த மாதம்தான் தெரிந்தது. ஜனங்கள் தர மாட்டேன் என்றார்கள். ஒரு பழைய புத்தகக் கடைக்கு அக்காவும் தம்பியுமே போனார்கள். கடைக்காரர் ஒடிசலான மனிதர். உச்சித் தட்டிலிருந்து புத்தகம் எடுக்க இறகைத்தான் வைத்திருந்தார்.

"நீங்களே ஏறினதாச்சே அக்கா," என்றார் அவர். "எனக்கு அது போதும். நான் குடுக்க மாட்டேன்."

"நான் ஏறினதுதாங்க தப்பு," என்றாள் அக்கா. "என்னை நல்லாப் பாருங்க. ஒரு சிமெண்ட் மூட்டைக்குக்கூட நான் வர மாட்டேன். நான் ஏறி என்ன தெரியும்?"

"நானும் உங்க மாதிரிதானே?"

"உங்க கடைக்கு வர்றவங்க எல்லாரும் நம்ம மாதிரியா? ஒருத்தர் அவசரத்துல நானே எடுத்துக்கிறேன்னு ஏறினா?"

அவர் அப்போதும் தயங்கினார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, என் ஏணியை நம்புங்கள் என்று கெஞ்சியவள், இப்போது நம்பாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. "தம்பி, ஏறு," என்றாள். அவன் கடை நடுவே இரண்டே படி ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்தான். ஏணி முனகியதும் கடைக்காரர், "ஐயோ, இறங்குங்க, இறங்குங்க, எடுத்துட்டுப் போங்க," என்று பதறிவிட்டார். அதன் பிறகு போன இடத்தில் எல்லாம் அதுதான் கதை. தர மாட்டேன் என்றவர் முன்னால் தம்பி ஏறுவான், அக்கா கீழே நின்று பிடித்துக்கொள்வாள், ஏணி கைக்கு வந்துவிடும். தெருவில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஒரு வீட்டம்மா, "இவர் உங்க ஆளா, இல்லை ஏணியை உடைக்கவே கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். "என் தம்பி," என்றாள் அக்கா. "இவன் ஏறலைன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது." அவன் அப்போது இரண்டாவது படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான். அதைக் கேட்டதும் கண்ணைத் திறந்தான். அன்றைக்கு அவ்வளவாகப் பயமாக இல்லை.

கடை கடையாக ஒட்டியிருந்த படத்தையும் அந்த மாதமே எடுத்துவிட்டார்கள். நஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. போட்டிக் கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். அக்கா காதில் வாங்கவில்லை. இஞ்சினியரோடு உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். தகட்டைத் தடிமனாக்கி, ஓரத்தை மடித்து, படிக்கு அடியில் தாங்கலுக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தார்கள். மணல் மூட்டைகளை நடுவில் வைத்தார்கள், ஓரத்தில் வைத்தார்கள், உயரத்திலிருந்து போட்டார்கள். இரண்டு முறை இஞ்சினியர், "இல்லை அக்கா, போகக் கூடாது," என்றார். இரண்டு முறையும் அக்கா சரி என்று திரும்பிப் போனாள். முதல் முறை அவர் சொன்னபோது பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் முகம் ஒரு கணம் சுண்டியதைத் தம்பி பார்த்தான். ஆனாலும் அவள், "எங்க விட்டுருச்சு, காட்டுங்க," என்றுதான் கேட்டாள். மூன்றாவது முறை அவர் போகலாம் என்றார்.

அப்படித் தேறிய முதல் ஏணியைக் கடைக்கு அனுப்பவில்லை. அக்காவும் தம்பியும் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு பெயிண்டரைத் தேடிப் போனார்கள். அவர் தேறி வேலைக்குத் திரும்பியிருந்தார். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிச் சுவருக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். ஏணி இல்லாமல், டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நின்றுகொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் இறங்கி, தூரிகையை டப்பாவின் மேல் வைத்தார்.

"உங்களுக்காகக் கொண்டு வந்தோம்," என்றாள் அக்கா. "நீங்க எப்ப நம்புறீங்களோ அப்ப ஏறுங்க. நம்பலைன்னா ஏற வேண்டாம்."

பெயிண்டர் ஏணியைச் சுற்றி வந்தார். படிகளைத் தட்டினார், ரிவெட்டுகளைத் தடவினார். ஏறவில்லை. அடிபட்ட தோளை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தயக்கத்தைப் பார்க்க அக்காவால் தாங்க முடியவில்லை. பழக்கம் யாரை விட்டது? குனிந்து கால்சட்டையை மடிக்கத் தொடங்கினாள்.

"நீங்க வேண்டாம்மா," என்றார் பெயிண்டர். கோபம் இல்லாமல், உள்ளதைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏறினா எனக்கு ஒண்ணும் தெரியாது." தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "அவர் ஏறட்டும்."

அக்கா குனிந்தபடியே ஒரு கணம் நின்றாள். நாற்பது வருஷமாக அவள் ஏறினாள் என்பதற்காக மட்டுமே ஜனங்கள் வாங்கினார்கள். தம்பிக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் மெல்ல நிமிர்ந்து, மடித்த கால்சட்டையை இறக்கிவிட்டாள்.

"அவர் சொல்றது சரிதாண்டா," என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்தாள். "ஏறு. நான் பிடிச்சுக்கிறேன்."

தம்பி ஏறினான். ஏணி முனகவில்லை. ஐந்தாவது படியில் நின்று ஒரு பக்கமாக எட்டினான், மறு பக்கமாக எட்டினான், தொப்பையோடு சேர்த்து ஒரு குதியும் குதித்தான். மாடிப்படி முழுக்கச் சத்தம் எதிரொலித்தது. கீழே அக்கா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெயிண்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தூரிகையை எடுத்து, டப்பாவை உச்சிக் கொக்கியில் மாட்டச் சொல்லி அவனிடம் நீட்டினார்.

"சரி, போதும் இறங்குங்க சார்," என்றார். "எனக்கு வேலை கிடக்கு."